மலைநாட்டு உணவும் நீரிழிவும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் வரலாறு என்றதும் அரசர் பெயர்களும் போர் நிகழ்ந்த ஆண்டுகளும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் மக்கள் நாள்தோறும் எதனை உண்டனர், அவ்வுணவு எங்கிருந்து வந்தது, அதனை அளந்து கொடுத்தவர் யாவர் என்னும் வினாக்களும் வரலாற்றுக்கு உரியனவே. அரண்மனைகள் அழிந்தொழிந்த பின்னரும் அடுக்களைப் பழக்கங்கள் நிலைத்து நிற்கின்றன. அவற்றின் பயன் உண்டவர் உடலிலும் அவர்தம் மக்கள் உடலிலும் தங்கிவிடுகின்றது. இவ்வுண்மைக்கு மலைநாட்டிற் பரவிவரும் நீரிழிவு நோய் தக்க சான்றாகும்.

இந்நோயைப் பொதுமக்கள் 'சீனி வருத்தம்' என வழங்குவர். பெயர் எளிதாயினும் பொருளிற் பிழைபட வழிசெய்கின்றது. சீனியை நீக்கினால் நோய் நீங்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். தேநீரிற் சீனி இடாதவர், அதே வேளையில் கோப்பை நிறையச் சோறும் மூன்று நான்கு ரொட்டியும் உண்டு, தாம் பத்தியம் காப்பதாக நம்புகின்றனர். சோறும் ரொட்டியும் உடலினுட் சென்று சர்க்கரையாகவே மாறுகின்றன என்பதை அவர்க்கு எடுத்துரைப்பார் அரியர். நாவலப்பிட்டி முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் இவ்வுணவுப் பழக்கம் எவ்வாறு வேரூன்றியது என்பதை அறிந்தாலன்றி அதனைத் திருத்தும் வழியும் புலப்படாது.

பண்டையோர் கண்டவை

நீரிழிவு புதிதாகத் தோன்றிய நோயன்று. சரகர், சுசுருதர் என்போர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல்கள் சிறுநீர் இனிப்புறும் இந்நோயை 'மதுமேகம்' என்று குறித்தன. சுசுருத சங்கிதை நோயாளரை இருவகையினராகப் பிரிக்கின்றது. பிறவியிலேயே நோய்க்கு இடமானவர் ஒரு வகையினர். அவர் பெரும்பாலும் மெலிந்தவர். தகாத உணவாலும் சோம்பலாலும் நோயுற்றவர் மற்றொரு வகையினர். அவர் பெரும்பாலும் பருத்தவர். இக்கால மருத்துவர் கூறும் முதலாம் வகை, இரண்டாம் வகை என்னும் பாகுபாட்டை இது ஓரளவு நினைவூட்டுகின்றது.

அந்நூல்கள் விதித்த உணவும் கருதத்தக்கது. நெல்லரிசியினும் வாற்கோதுமைக்கே அவை முதன்மை அளித்தன. சாமை முதலிய புன்செய்த் தானியங்களும், கைப்பும் துவர்ப்பும் உடைய காய் கீரைகளும், பயறு வகைகளும் ஏற்புடையன என்றன. உணவோடு உழைப்பையும் அவை சேர்த்தே விதித்தன. பொருளற்ற நோயாளன் குடையும் செருப்பும் இன்றி, ஊருக்கு ஓரிரவு தங்கி, முனிவனைப் போல் நூறு யோசனை தூரம் நடக்கவேண்டும் எனச் சுசுருதர் கூறினார். இன்று அவ்வாறு செருப்பின்றி நடத்தல் கூடாது. நீரிழிவாளர் காலிற் சிறு புண் தோன்றினும் பெருந்தீங்காய் முடியும் என்பதை இக்கால மருத்துவம் தெளிவாகக் காட்டியுள்ளது. ஆயினும் நடத்தலே மருந்து என்னும் கருத்து பிழைபடவில்லை.

தமிழ் மரபும் உணவின் அளவையே வற்புறுத்தியது. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் ஆறு, முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணுதலையே பேசுகின்றன. மருந்தின் பெயர் ஒன்றேனும் அங்கு இல்லை. சித்த மருத்துவர் மருந்தோடு பத்தியத்தையும் விதித்தனர். பத்தியம் என்னும் சொல் நெறிக்கு ஏற்றது எனப் பொருள்படும். பிற்காலத்தார் அதனை உப்பும் புளியும் நீக்கிய தண்டனையாகக் கருதத் தலைப்பட்டனர். நோயாளர் பலர் பத்தியம் என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சுவதற்கு இப்பொருள் மாற்றமும் ஒரு காரணமாகும்.

மேலைநாட்டார் ஆராய்ச்சி

ஐரோப்பாவில் 1776ஆம் ஆண்டில் மத்தேயு டொப்சன் என்னும் ஆங்கில மருத்துவர், நோயாளரின் சிறுநீரை வற்றச் செய்து அதிற் சர்க்கரை இருப்பதை நிறுவினார். 1797இல் ஜோன் றொல்லோ என்பவர் தானிய உணவை விலக்கி, புலாலும் கொழுப்புமே உண்ணச் செய்து பயன் கண்டதாக எழுதினார். அடுத்த நூற்றாண்டில் நிகழ்ந்ததொரு நிகழ்ச்சி வரலாற்று மாணவர்க்குச் சுவை பயப்பதாகும். 1870இல் ஜேர்மானியப் படைகள் பாரிஸ் நகரை முற்றுகையிட்டன. நகரில் உணவு அருகிப் பங்கீடு ஏற்பட்டது. அக்காலத்திற் புஷார்டா என்னும் பிரெஞ்சு மருத்துவர், தம் நோயாளர் சிலரின் சிறுநீரிற் சர்க்கரை மறைந்தமையைக் கண்டார். எந்த உணவை நீக்குவது என்பதோடு, எவ்வளவு உண்பது என்பதும் நோயின் போக்கை மாற்றும் என அவர் உணர்ந்தார்.

இவ்வுண்மை பின்னர் அளவிறந்து சென்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் பிரெடெரிக் அலன் நோயாளரைப் பட்டினிக்கு அணித்தான நிலையில் வைத்து உயிர் நீட்டிக்க முயன்றார். சிறுவர் பலர் எலும்பும் தோலுமாய் வாடினர். 1921இல் கனடாவின் டொரொன்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்போர் மக்லியொட்டின் ஆய்வுகூடத்தில் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். கொலிப் அதனைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரியில் லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவன் அம்மருந்தைப் பெற்று உயிர் பிழைத்தான். அன்றுமுதல் பட்டினி மருத்துவம் வழக்கொழிந்தது; ஆயினும் உணவு அளவு வழக்கொழியவில்லை. மருந்தின் அளவும் உணவின் அளவும் உழைப்பின் அளவும் ஒன்றோடொன்று இயைய வேண்டும் என்பதே இன்சுலின் புகட்டிய பாடமாகும்.

தமிழகத்தில் இத்துறைக்கு வித்திட்டவர் மருத்துவர் மு. விசுவநாதன் ஆவர். அவர் 1948இற் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். மேலைநாட்டார் புலாலையும் கொழுப்பையும் மிகுத்து எழுதிய உணவுப் பட்டியல்கள், சோறுண்டு வாழும் மக்களுக்குப் பொருந்தாமை அவருக்குப் புலனாயிற்று. எனவே நார்ப்பொருள் மிகுந்த தானியமும் பயறும் காய்கறியும் கொண்ட உணவை அவர் வற்புறுத்தினார். நோயாளன் வாழும் நாட்டின் உணவிலிருந்தே பத்தியத்தை அமைக்கவேண்டும் என்னும் இக்கொள்கை மலைநாட்டுக்கும் உரியதாகும்.

நாவலப்பிட்டி வழியே வந்த அரிசி

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர் பரவிய பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வந்தனர். திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து வந்தோர் பலர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வருத்திய பெரும் பஞ்சம் அவ்வரவை மிகுவித்தது. அவருட் புன்செய் நிலத்தினர் தம் ஊரிற் கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் சாமைச் சோறும் உண்டவர்கள். நெல்லுச் சோறு அவர்க்குப் பண்டிகை நாளின் உணவாக இருந்தது.

தோட்டத்தில் நிலை மாறியது. சொந்த நிலமின்றி நாள் முழுதும் மலையில் வேலை செய்வோர் தம் உணவைத் தாமே விளைவித்தல் அரிதாயிற்று. துரைமார் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வரவழைத்த அரிசியைத் தொழிலாளர்க்கு அளந்து கொடுத்து, அதன் விலையைக் கூலியிற் கழித்தனர். 1874இற் புகையிரதப் பாதை நாவலப்பிட்டியை அடைந்தது. 1884இல் அது அட்டன் வரை நீளும்வரை, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இவ்வூரே அப்பாதையின் இறுதி நிலையமாக விளங்கியது. டிக்கோயா, டிம்புள்ளை முதலிய உயர்மலைத் தோட்டங்களுக்குரிய அரிசி மூட்டைகள் இங்கிறக்கப்பெற்று மாட்டுவண்டிகளில் மேலே சென்றன. மலையிலிருந்து விளைபொருள் இறங்கியது. மலைக்கு அரிசி ஏறியது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கூலியோடு அரிசியின் விலையையும் வரையறுத்தது. அரிசி உணவு மட்டுமன்றிக் கூலிக் கணக்கின் ஒரு பகுதியுமாயிற்று.

அவ்வரிசி தீயது எனக் கூறல் பொருந்தாது. அக்காலத் தமிழ்த் தொழிலாளர் பெரிதும் விரும்பியது புழுங்கலரிசியாகும். மலாயா நாட்டிற் கூர்ந்து நோக்கிய மருத்துவர், தீட்டிய பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளரைப் பெரிபெரி நோய் வாட்டியதையும், புழுங்கலரிசி உண்ட தமிழரை அது பெரும்பாலும் அணுகாததையும் கண்டனர். 1905இற் கோலாலம்பூரில் வில்லியம் பிளெச்சர் நடத்திய சோதனை இவ்வேறுபாட்டை உறுதிப்படுத்தியது. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசியினுட் புகுந்து தங்குகின்றது. மேலும் புழுங்கலரிசிச் சோறு, தீட்டிய பச்சையரிசிச் சோற்றைப்போல் விரைவாகக் குருதிச் சர்க்கரையைப் பொதுவாக உயர்த்துவதில்லை. எனவே குறை அரிசியில் மட்டும் இல்லை. அரிசியோடு செல்லவேண்டிய பயறும் கீரையும் மீனும் பாலும் அளவுக் கணக்கில் இடம்பெறாமையே பெருங்குறையாகும்.

பங்கீட்டு அட்டையும் கோதுமை மாவும்

இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். பர்மா அரிசி நின்றது. இலங்கையிற் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வழங்கப்பெற்றது. நகரில் முன்னரே பாண் அறிமுகமாகியிருப்பினும், தோட்டத்து லயங்களில் ரொட்டி நாள்தோறும் உண்ணும் உணவாய் நிலைபெற்றது இக்காலத்திற்குப் பின்னரே எனலாம். தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைந்த மாவைக் கல்லில் இட்டுச் சுட்டு, சம்பலோடு கட்டி எடுத்துச் சென்றால், மலையுச்சியில் நின்றபடியே உண்டு பசியாறலாம். நேரமின்மையே அவ்வுணவை வளர்த்தது.

அரிசியின் விலை அரசியலையும் அசைத்தது. 1953இல் ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பெற்றபோது, ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்து, அவ்வாண்டிலேயே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது, பங்கீடு சுருங்கியது. தோட்டப்புற மக்கள் பசியால் வாடினர். 1974இல் அங்கு இறப்பு வீதம் பெரிதும் உயர்ந்தது. 1979இல் உணவு முத்திரை பங்கீட்டின் இடத்தைப் பெற்றது. 1980இல் திருகோணமலையிற் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியது. தவிடு நீங்கிய வெண்ணிறக் கோதுமை மா நாட்டின் மூலை முடுக்கெங்கும் எளிதிற் கிட்டியது.

இவற்றோடு சேர்ந்தது தேநீர். கொழுந்து பறிப்போர் கைக்கு எட்டியது தேயிலைத் தூளும் சீனியுமே. பால் அரிதாகவே கிடைத்தது. காலைக் குளிரிலும் மாலைக் களைப்பிலும் இனிப்பான சாயத் தண்ணீர் உடலுக்கு ஊக்கம் தந்தது. ஒரு கோப்பைக்கு இரு தேக்கரண்டிச் சீனி எனக் கொண்டால், ஐந்து கோப்பையில் ஏறத்தாழ 40 கிராம் சீனி உட்செல்லும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளிற் கொள்ளும் சேர்க்கைச் சர்க்கரையை ஏறத்தாழ 25 கிராமுக்குள் அடக்குதல் நலம். தேநீர் ஒன்றினாலேயே அவ்வெல்லை கடந்துவிடுகின்றது.

பசியின் மறுமுகம்

இவ்வாறு அரிசி, மா, சீனி என்னும் மூன்றும் மலைநாட்டு உணவின் தூண்களாயின. மூவேளையும் மாச்சத்தே நிறைந்தது. உடல் ஓயாது உழைத்த காலத்தில் அச்சத்துப் பெரும்பாலும் உழைப்பிற் செலவழிந்தது. பிள்ளைகள் நகரத்துக் கடைகளிலும் அலுவலகங்களிலும் அமர்ந்து தொழில் செய்யத் தொடங்கினர்; வண்டிப் பயணம் நடையைக் குறைத்தது. உண்ணும் அளவோ மாறவில்லை.

மற்றொரு காரணமும் உண்டு. 1944, 1945ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தில் ஒல்லாந்து நாட்டிற் பஞ்சம் நிகழ்ந்தது. அக்காலத்தில் தாயின் வயிற்றிலிருந்தோர் நடுவயது எய்தியபோது, அவருடல் சர்க்கரையைக் கையாளும் ஆற்றல் குறைந்திருந்ததை ஆராய்ச்சியாளர் 1998இல் வெளியிட்டனர். கருவிற் பசியறிந்த உடல் பிற்காலத்து மிகையுணவைத் தாங்காது என்பது இதன் கருத்தாகும். எடை குறைந்த குழந்தைகள் பிறந்துவந்த தோட்டப்புறத்திற்கு இவ்வறிவு மிகவும் வேண்டப்படுவதாகும். கருவுற்ற தாயின் உணவைப் பேணுதலும் நீரிழிவுத் தடுப்பின் ஒரு பகுதியே. மெலிந்த உடலினர்க்கு நீரிழிவு வாராது என எண்ணுதலும் தவறு. தென்னாசிய மக்களுக்கு, பருமன் மிகாத நிலையிலும் வயிற்றுக் கொழுப்பு மிகுந்து இந்நோய் தோன்றுகின்றது.

மத்திய மலைநாட்டின் கிராமச் சமூகமொன்றில் 1990இல் நடந்த ஆய்வில் நூற்றுக்கு 2.5 பேரளவில் இருந்த நோய், 2000ஆம் ஆண்டளவில் 8.5 ஆக உயர்ந்தது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுதும் நடத்திய ஆய்வு, வளர்ந்தோரில் நூற்றுக்கு 10.3 பேர் நீரிழிவுடையர் எனக் கண்டது. அவருள் மூன்றில் ஒரு பங்கினர் தமக்கு நோய் உள்ளதை அறியாதிருந்தனர். அச்சம் தரும் இவ்வெண்களுக்கு மாறாக, நம்பிக்கை தரும் எண்களும் உள. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், நோயின் வாயிலில் நின்றோர் 531 பேர் சேர்க்கப்பட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவருள் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுற்றனர். உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவருள் 39 பேரே நோயுற்றனர். தமிழ் மக்களின் உணவு மரபுக்குள்ளேயே இது நிகழ்ந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மலைநாட்டு இல்லத்திற்குரிய உணவு ஒழுங்கு

நீரிழிவாளர்க்குரிய உணவு தனிச் சமையலன்று. வீட்டார் அனைவர்க்கும் ஏற்ற உணவேயாகும். உணவுக் கோப்பையை மனத்தளவில் இரு பாதியாகப் பிரித்தல் எளிய முறை. ஒரு பாதியிற் காய்கறியும் கீரையும் அமையவேண்டும். போஞ்சி, கோவா, புடலங்காய், பாகற்காய், வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை ஆகியன மலைநாட்டிலும் அதன் சந்தைகளிலும் கிடைப்பனவே. மறுபாதியின் ஒரு கூறு பருப்பு, பயறு, கடலை, முட்டை, மீன் ஆகியவற்றுள் ஒன்றாகுக. எஞ்சிய கால் பங்கே சோற்றுக்கோ ரொட்டிக்கோ உரியது. பலாக்காய், மரவள்ளி, வற்றாளங்கிழங்கு என்பன சோற்றுக்கு ஈடாக உண்ணத்தக்கன. சோற்றோடு கறியாகச் சேர்த்து உண்டால் மாச்சத்து இரட்டிக்கும்.

ரொட்டியை ஒரேயடியாக விலக்குதல் இயலாது. வெண்மாவுடன் குரக்கன் மாவோ தவிடு நீங்காத ஆட்டா மாவோ கலந்து, சிறிதாகத் தட்டி, பருப்புக் கறியோடும் கீரைச் சுண்டலோடும் உண்ணலாம். குரக்கனை மருந்தெனக் கருதி மிகுதியாக உண்ணுதலும் தவறாகும். அதனை நுண்ணிதாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் அதுவும் விரைவாகச் சர்க்கரையை உயர்த்தும். கருப்பட்டியும் தேனும் சீனியின் இனத்தனவே. பழத்தைச் சாறாக்காது முழுதாக, சிறிதளவு உண்ணுதல் நன்று. தேநீரின் சீனியை வாரந்தோறும் அரைக் கரண்டியாகக் குறைத்துவந்தால், நாவும் மெல்ல மெல்லப் பழகிவிடும்.

நேரமும் அளவைப்போல் இன்றியமையாதது. இன்சுலின் ஏற்றிக்கொள்வோரும் சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளை உண்போரும் உணவைத் தவறவிடலாகாது. கொழுந்து நிறுக்கும் நேரம் பிந்தியதால் நண்பகல் உணவும் பிந்துமாயின், மலைச்சரிவிலேயே வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, மயக்கம் தோன்றலாம். அந்நேரத்தில் மூன்று நான்கு தேக்கரண்டிச் சீனியை நீரிற் கலந்து உடனே பருகவேண்டும். பின்னர் உணவு கொள்ளவேண்டும். மற்றை வேளையிற் பகையாகிய சீனி அவ்வேளையில் உயிர்காக்கும் மருந்தாகின்றது. எனவே அத்தகையோர் மடியிற் சிறு பொட்டலச் சீனி வைத்திருத்தலும், உடன் வேலை செய்வோர் நோயை அறிந்திருத்தலும் வேண்டும். கந்தசட்டி முதலிய விரதங்களை நோற்க விரும்புவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு, மருந்தின் அளவை அமைத்துக்கொள்ளுதல் கடமையாகும்.

முடிவுரை

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் மலைநாட்டுத் தொழிலாளரின் உணவைப் பிறரே வகுத்தனர். தோட்டத்துக் கணக்கேடும் பங்கீட்டு அட்டையும் உலகச் சந்தை விலையும் அவர் கோப்பையை நிரப்பின. நோயுற்றவரை நோக்கி 'நாவை அடக்கத் தெரியாதவர்' எனப் பழிப்பது இவ்வரலாற்றை அறியாதார் கூற்றாகும். வருவாய் குறைந்த வீட்டிற் கீரைக்கும் பயற்றுக்கும் முன்னர் அரிசியும் மாவும் வாங்கப்படுதல் வியப்பன்று. ஆதலின் மருத்துவர் எழுதும் பத்தியம், அவ்வீட்டின் வருவாயையும் வேலை நேரத்தையும் நோக்கி எழுதப்படவேண்டும்.

அதே வேளையில், கடந்தகாலம் வகுத்ததை நிகழ்காலத்தார் மாற்றமுடியாது என்பதுமில்லை. லயத்தின் முன் உள்ள சிறு நிலத்தில் ஒரு பாத்திக் கீரையும் ஒரு முருங்கையும் நட இடம் இருக்கும். கல்வி கற்ற பிள்ளை தன் பெற்றோரை ஆண்டுக்கொரு முறையேனும் குருதிச் சோதனைக்கு அழைத்துச் செல்லலாம். சோற்றின் அளவைச் சிறிது குறைத்துக் கறியின் அளவைக் கூட்டுமாறு அன்போடு எடுத்துரைக்கலாம். முன்னோர் அளந்து கொடுத்ததை உண்டனர்; அவர் வழிவந்தோர் தாமே அளந்து உண்ணக் கற்பாராயின், பத்தியம் என்னும் சொல் தண்டனை எனும் பொருளை நீத்துத் தன் பழம்பொருளை மீண்டும் எய்தும்.